இரண்டு வயதுக்குள் குழந்தையின் ஆகாரம்

புது தில்லியில் கோல் மார்க்கெட் என்றவுடன், அங்கு அரசாங்கக் குடியிருப்புகளில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தாருக்கு நினைவில் எழுவது 1921-ஆம் ஆண்டு கட்டப்பட்ட பன்னிரண்டு பக்கச் சந்தைக் கட்டடம். காய்கறி, மீன், இறைச்சி, முட்டை ஆகிய யாவும் ஒரே கூரையின்கீழ் விற்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அக்கடைகள் காலி செய்யப்பட்டு ஆண்டுகள் பல ஆகிவிட்டன. எனினும், அதைச் சுற்றியுள்ள தெருக்களில் உணவுப் பண்டங்களுக்குப் பஞ்சமில்லை. பாலக் கீரையும், மாரிக்காலத்துச் சிவப்புக் காரட்டும், கொய்யாவும், பப்பாளியும், பயறு வகைகளும், தயிரும் வேண்டிய மட்டும் கிடைக்கின்றன. அங்கிருந்து நடந்து செல்லும் தூரத்தில், பங்களா சாகிப் சாலையில், கலாவதி சரண் குழந்தைகள் மருத்துவமனை 1956 முதல் இயங்கி வருகிறது. கடுமையான உணவுக் குறைவினால் எலும்பும் தோலுமாக மெலிந்த குழந்தைகளை வைத்துத் தேற்றுவதற்கு அங்கே தனி ஏற்பாடு உண்டு. தில்லியின் பல மூலைகளிலிருந்தும், அண்டை மாநிலங்களிலிருந்தும் அக்குழந்தைகளைத் தூக்கி வருகிறார்கள். உணவு குவிந்திருக்கும் நகரத்தில், ஒரு வயதும் ஒன்றரை வயதுமான குழந்தைகள் ஏன் மெலிகின்றன? இதுவே இப்பேச்சில் ஆராயப் புகும் பொருள்.

முதலில் நிலைமையைச் சில எண்களால் அறிந்துகொள்வோம். ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வு 2019 முதல் 2021 வரை நாடெங்கும் நடைபெற்றது. ஆறு மாதம் நிறைந்து, இரண்டு வயது நிறையாத குழந்தைகளுள் நூற்றுக்கு 11.3 பேருக்கே போதிய ஆகாரம் கிடைக்கிறது என்று அது கண்டது. அதற்கு முந்திய 2015-16 ஆய்வில் இந்த எண் 9.6. ‘போதிய ஆகாரம்’ என்றவுடன் பெருவிருந்து எதையோ எண்ணிவிட வேண்டாம். முந்தின நாளில் குழந்தை குறைந்தது நான்கு வகை உணவு உண்டதா, வயதுக்கேற்ற தடவைகள் உண்டதா, தாய்ப்பாலோ வேறு பாலோ பெற்றதா என்பவைதாம் அந்த அளவுகோலின் சாரம். இவ்வளவு எளிய தேர்விலும் பத்துக்கு ஒன்பது குழந்தைகள் தேறவில்லை. செல்வர் வீடுகளிலும் பெரும்பாலான குழந்தைகள் தேறவில்லை என்பதையும் உடன் சொல்லிவிட வேண்டும். வறுமை பெருங்காரணம், ஆனால் வறுமையை மட்டும் சுட்டிவிட்டு விலகிக்கொள்ள நமக்கு வழியில்லை.

2016 முதல் 2018 வரை நடந்த மற்றொரு தேசிய ஆய்வு இந்தக் குறையை இரண்டாகப் பிரித்துக் காட்டியது. நூற்றுக்கு 42 குழந்தைகள் வேண்டிய தடவைகள் உண்கின்றன. ஆனால் வேண்டிய வகைகளை உண்பவை 21 மட்டுமே. அதாவது, ஊட்டும்பொழுதும் ஒன்றையே திரும்பத் திரும்ப ஊட்டுகிறோம். சோறும் பருப்பு நீரும், அல்லது ரொட்டியும் பாலும், அல்லது தேநீரில் தோய்த்த பிஸ்கட். ஆகாரத்தின் அளவைப் பற்றிப் பேசிப் பழகிய நாம் அதன் தரத்தைப் பற்றியும் பேச வேண்டியது இதனால்தான்.

குழந்தைக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பால் ஒன்றே போதும், தண்ணீர்கூட வேண்டியதில்லை. இது குறித்து இன்று மருத்துவ அறிஞரிடையே ஐயம் இல்லை. அதன்பின் தாய்ப்பால் தொடர வேண்டும். ஆனால் அது மட்டும் போதாது. பிறக்கும்போது உடலில் சேமித்து வைத்திருந்த இரும்புச் சத்து ஏறக்குறைய ஆறு மாதத்தில் தீர்ந்துபோகிறது. தாய்ப்பாலில் இரும்பு மிகச் சொற்பம். ஆகவே, இனி வேண்டும் இரும்பு அனைத்தும் ஊட்டும் உணவிலிருந்தே வந்தாக வேண்டும். ஒரே அளவு கலோரியை வைத்து ஒப்பிட்டால், ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைக்கு, வளர்ந்த ஆண்மகனைப்போல் சுமார் ஒன்பது மடங்கு இரும்பும், நான்கு மடங்கு துத்தநாகமும் தேவை என்று வல்லுநர் கணக்கிட்டிருக்கிறார்கள். வீட்டில் உழைத்துக் களைத்து வரும் தகப்பனாருக்குக் கீரையும் கறியும் எடுத்து வைத்து, குழந்தைக்கு ரசம் சாதத்தைக் கரைத்து ஊட்டும் வழக்கம் இந்தக் கணக்கை அப்படியே தலைகீழாக்கிவிடுகிறது.

இங்கே சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவனுக்கு இது கண்ணில் படாமல் இராது. தமிழில் இப்பருவத்தைப் ‘பால்குடி மறக்கும் பருவம்’ என்பது வழக்கு. அதில் பாலை நிறுத்துவதுதான் முன்னே நிற்கிறது. இந்தியில் இதே பருவத்து உணவை ‘ஊப்பரி ஆகார்’ என்பர். மேலே சேர்க்கும் உணவு என்பது பொருள். அரசாங்க ஏடுகளில் இப்போது நாம் எழுதும் ‘இணை உணவு’ என்பதும் அக்கருத்தையே தருகிறது. தாய்ப்பால் இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தொடரத்தக்கது. உணவு அதனோடு சேர்வது. பழைய சொல்லைவிடப் புதிய சொல்லே இவ்விடத்தில் உண்மைக்கு நெருங்கியிருக்கிறது என்பது என் எண்ணம்.

நம்மவரிடம் ஆறாம் மாதத்தில் சோறூட்டும் சடங்கு உண்டு. கோயிலில் வைத்து ஊட்டுவாரும் உண்டு. வீட்டிலே பாட்டனார் மடியில் இருத்தி ஊட்டுவாரும் உண்டு. நல்ல காலத்தில் வைத்த நல்ல வழக்கம். ஆனால் முதல் கவளத்துக்கு இருக்கும் சடங்கு, அதற்கடுத்த பதினெட்டு மாதங்களுக்கு இல்லை. அந்தப் பதினெட்டு மாதங்களில்தான் குழந்தை பின்தங்குகிறது.

பின்தங்கும் விதத்தைச் சற்று விளக்கமாகப் பார்க்கலாம். எட்டுக் கிலோ எடையுள்ள குழந்தையின் இரைப்பை ஒரு வேளைக்கு ஏறத்தாழ 240 கிராம் உணவையே கொள்ளும். ஒரு சிறிய கிண்ணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்கிண்ணத்தில் ஊற்றுவது நீர்த்த கஞ்சியாயின், வயிறு நிரம்பிவிடும். உடலுக்குச் சேருவது சிறிது மாவும் மிகுந்த நீருமே. தாய்ப்பால் நன்கு பெறும் குழந்தைக்கு அதற்கு மேலாக உணவிலிருந்து ஆறு முதல் எட்டு மாதத்தில் நாளுக்குச் சுமார் 200 கலோரியும், ஒன்பது முதல் பதினொன்றில் 300-உம், ஒரு வயதுக்கு மேல் 550-உம் வேண்டும். நீர்த்த கஞ்சியால் இதை நிரப்ப முயன்றால் குழந்தை நாள் முழுதும் குடித்துக்கொண்டே இருக்க நேரும்.

கெட்டியாகவே காய்ச்சலாமே என்று கேட்கலாம். தாய்மார் அதையும் செய்து பார்த்தவர்கள்தாம். அரிசி மாவும் கேழ்வரகு மாவும் வேகும்போது அவற்றிலுள்ள மாச்சத்து நீரை உறிஞ்சிப் பருத்துப் பசையாகிவிடும். ஒன்பது மாதக் குழந்தையால் அந்தக் களியை விழுங்க முடியாது; துப்பும். தாய் மீண்டும் நீர் சேர்ப்பாள். இச்சிக்கலை அவிழ்க்கும் உபாயம் நம் பாட்டிமாரிடமே இருந்தது. கேழ்வரகை ஊற வைத்து, துணியில் முடிந்து முளைகட்டி, நிழலில் உலர்த்தி, இலேசாக வறுத்து அரைத்த மாவுதான் அது. தானியம் முளைக்கும்போது அதில் அமிலேஸ் என்னும் நொதிப்பொருள் தோன்றுகிறது. அது மாச்சத்தின் நீண்ட சங்கிலிகளை வெட்டிவிடும். வெந்து பசையான கஞ்சியை இறக்கி, சற்று ஆறவிட்டு, முளைமாவு ஒரு சிட்டிகை கலந்தால், சில நிமிடங்களில் அது இளகி ஓடும். நீர் சேரவில்லை, சத்துக் குறையவில்லை. ஆனால் குழந்தையால் விழுங்க முடிகிறது. கொதிக்கும்போது கலந்தால் நொதி செத்துவிடும் என்பதை மறவாதிருக்க வேண்டும். கலந்தபின் ஒரு கொதி விட்டு இறக்குவது சுகாதாரத்துக்கு நல்லது. பரோடாப் பல்கலைக்கழகத்தில் தாரா கோபால்தாஸ் என்னும் அம்மையார் 1980-களில் இதனை முறையாக ஆராய்ந்து நிறுவினார். இதனுடன் ஒரு சிறு கரண்டி எண்ணெயோ நெய்யோ சேர்த்தால் மேலும் 45 கலோரி, இடம் பிடிக்காமல் உள்ளே போய்விடுகிறது.

இதுவரை சொன்னது செறிவு. வகையைப் பற்றிய அறிவுக்கும் நம் நாட்டில் நீண்ட வரலாறு உண்டு. அதில் பெரும்பகுதி நீலகிரிக் குன்னூரில் நடந்தது. 1920-களில் அங்கே ராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர் இந்தியாவின் பல பகுதி மக்களின் ஆகாரங்களை எலிக் கூட்டங்களுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். சீக்கியரின் ஆகாரத்தை உண்ட எலிகள் எடையில் முதலாக நின்றன. சென்னை மாகாணத்து ஆகாரத்தை உண்டவை கடைசியில் நின்றன. தில்லியில் நம் பஞ்சாபி அண்டை வீட்டார் இதைக் கேட்டால் மகிழக்கூடும். ஆனால் கோதுமைக்கும் அரிசிக்கும் நடந்த போட்டியாக இதைக் கொள்வது சரியாகாது. முழுக்கோதுமை ரொட்டியுடன் பாலும், வெண்ணெயும், பயறும், பச்சைக் காய்கறியும், பழமும் முதலாவதில் இருந்தன. தீட்டிய அரிசியைச் சுற்றி இவையெல்லாம் அருகிப் போயிருந்தன மற்றதில். எலி எலிதான், குழந்தை குழந்தைதான். எனினும் தானியத்தைச் சுற்றி என்ன இருக்கிறது என்று கேட்கும் வழக்கம் அங்கே வேர்விட்டது. அந்தப் பழைய பஞ்சாபி ஆகாரம் இன்று தில்லிக் குழந்தையின் கிண்ணத்தில் இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

அடுத்த திருப்பம் ஆப்பிரிக்காவில். இன்று கானா எனப்படும் அன்றைய பொற்கடற்கரையில் பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர், ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைகளிடம் உடல் வீங்கித் தோல் உரியும் நோய் ஒன்றைக் கண்டு 1933-இல் எழுதினார். அவ்வூர்ப் பெண்கள் அதற்கு வழங்கிய ‘குவாஷியார்க்கர்’ என்ற பெயரையே பின்னர் மருத்துவ உலகுக்கும் தந்தார். அடுத்த குழந்தை பிறந்ததும் தாயின் மடியிலிருந்து இறக்கிவிடப்பட்ட குழந்தைக்கு வரும் நோய் என்பது அச்சொல்லின் கருத்து. நோயின் காரணம் பெயரிலேயே பாதி அடங்கியிருக்கிறது.

இதன்பின் உலகம் புரதம், புரதம் என்று பேசத் தொடங்கியது. 1950-களிலும் 60-களிலும் புரதப் பொடிகளும் புரத மாவுகளும் பெருகின. அவ்வேளையில், குன்னூரிலிருந்து 1958-இல் ஐதராபாத்துக்கு மாறிய ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்த சி. கோபாலன் வேறொன்றைச் சொன்னார். இவர் 1918-இல் பிறந்த சேலத்துக்காரர்; நூறு வயது வாழ்ந்து 2019-இல் மறைந்தார். ஏழைக் குழந்தைகள் உண்ணும் தானியமும் பயறும் கலந்த உணவையே வயிறாரக் கொடுத்தால் அவர்களுடைய புரதத் தேவையும் பெரும்பாலும் நிறைவேறிவிடும்; உண்மையில் அவர்களுக்குக் குறைவது மொத்த உணவே என்பது அவர் வாதம். அது பெரும் திருத்தம். விலை மிகுந்த பொடிகளின்மீது இருந்த மயக்கத்தை அது கலைத்தது. பின்னாளில், வயிறு நிறைந்த குழந்தைகளிடத்தும் இரத்தச் சோகையும் உயரக் குறைவும் மிகுந்திருப்பதைக் கண்டபோது, இரும்பு, துத்தநாகம், ஏ வைட்டமின் என்று மறைந்திருந்த பற்றாக்குறைகள் வெளிப்பட்டன. நம் நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுள் நூற்றுக்கு 67 பேருக்கு இரத்தச் சோகை உண்டு என்கிறது மேற்சொன்ன 2019-21 ஆய்வு. முந்திய ஆய்வில் அது 58.6, எண் ஏறியிருக்கிறது, இறங்கவில்லை.

இந்த வரலாற்றின் பயனாக உலக சுகாதார ஸ்தாபனம் ஓர் எளிய கணக்கை வகுத்தது. 2021-இல் திருத்திய வடிவில் உணவு எட்டு வகையாகும். தாய்ப்பால் ஒன்று, தானியமும் கிழங்கும் ஒன்று, பருப்பும் கொட்டைகளும் ஒன்று, பாலும் தயிரும் ஒன்று, மீனும் இறைச்சியும் ஒன்று, முட்டை ஒன்று, பரங்கி, காரட், பப்பாளி, கீரை போன்று ஏ வைட்டமின் மிகுந்தவை ஒன்று, மற்றக் காய்கனிகள் ஒன்று. ஒரு நாளில் இவற்றுள் ஐந்தேனும் குழந்தையின் வாயில் போக வேண்டும்.

கோல் மார்க்கெட்டில் ஒரு சிறிய பையுடன் சென்றுவருபவருக்கு இது கடினமா? பாசிப்பருப்பும் அரிசியும் குழைய வெந்த கிச்சடி, அதில் மசித்த காரட்டோ பாலக்கோ, மாலையில் சிறிது தயிர், பழுத்த கொய்யா அல்லது பப்பாளித் துண்டு, இவற்றுடன் தாய்ப்பால். கணக்கிட்டுப் பாருங்கள், ஐந்துக்கு மேலேயே வந்துவிட்டது. கொய்யாவும் நெல்லியும் எலுமிச்சையும் தரும் சி வைட்டமின், பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பு உடலில் சேர உதவுகிறது. தேநீர் அதைத் தடுக்கிறது. ஒன்றரை வயதுக் குழந்தைக்கும் ஒரு மடக்குத் தேநீர் கொடுத்து மகிழும் தில்லி வழக்கத்தை, குளிர் எவ்வளவு கடுமையாயினும், நாம் பின்பற்ற வேண்டியதில்லை.

பாலைப் பற்றியும் ஒரு மாயை உண்டு. 1959-இல் தில்லிப் பால் திட்டம் தொடங்கியது முதல் இந்நகரத்தில் நடுத்தரக் குடும்பங்களுக்குப் பால் எளிதில் கிடைத்து வந்திருக்கிறது. அதனாலேயே, ‘என் குழந்தை ஒன்றும் சாப்பிடாது, பால் மட்டும் நன்றாகக் குடிக்கும்’ என்று பெருமையோடு சொல்லும் தாய்மார் பலர். பால் நல்ல உணவு. ஆனால் அதில் இரும்பு இல்லை என்றே சொல்லலாம். புட்டிப் புட்டியாகப் பால் குடித்த குழந்தைக்குப் பசி எழாது. பசியில்லாத குழந்தை பருப்பையும் கீரையையும் தொடாது. வெளிறிய முகத்தோடு கொழுகொழுவென்று இருக்கும் அத்தகைய குழந்தைகளை வசதியான வீடுகளிலேயே காண்கிறோம். மற்றொரு பக்கம், வீட்டு வேலைக்கு வரும் நம் ஊர்ப் பெண்கள் சொல்வது இது: “சோறு ஊட்டினா துப்புதும்மா, அஞ்சு ரூபா பிஸ்கட் குடுத்தாத்தான் வேலை முடியிற வரைக்கும் சும்மா இருக்கு.” அவர்களிடம் சத்துணவுப் பிரசங்கம் செய்வது எளிது. நான்கு வீட்டில் பாத்திரம் துலக்கும் தாய்க்குக் குழந்தையை மடியில் வைத்து அரைமணி நேரம் ஊட்டப் பொழுது எங்கே? குழந்தையைப் பார்த்துக்கொள்பவள் பெரும்பாலும் எட்டு வயது அக்காள். இனிப்பும் மாவும் கொழுப்புமாகிய பிஸ்கட் பசியை அடக்குகிறது. மேலே சொன்ன எட்டு வகையில் அதனால் கூடுவது ஏதுமில்லை.

தாய்க்குப் பொழுதில்லாத இடத்தில் ஊட்டுவதற்கு வேறொருவர் வேண்டும் என்பதை இந்நகரத்தில் ஒருவர் கண்கூடாகக் கண்டார். 1969-இல், காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்காக ராஜ்காட் அருகே கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. சித்தாள் பெண்களின் குழந்தைகள் மண்ணிலும் வெயிலிலும் கிடப்பதைக் கண்ட மீரா மகாதேவன் என்னும் அம்மையார், அவ்விடத்திலேயே ஒரு கூடாரம் அடித்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்தார். மொபைல் கிரஷஸ் என்னும் அமைப்பு அதிலிருந்து வளர்ந்தது. கோல் மார்க்கெட்டை அடுத்த ராஜா பஜார்க் குடியிருப்பில் அலுவலகம் அமைத்துப் பணியாற்றியது. கட்டடம் முடிந்து தொழிலாளர் வேறிடம் பெயர்ந்தால் காப்பகமும் பெயரும். நாள் முழுதும் ஒருவர் பொறுப்பில் குழந்தை இருப்பதால், வேளைக்கு வேளை ஊட்டுவதும், எடை பார்ப்பதும் அங்கே இயலுகின்றன.

அரசாங்கத்தின் ஏற்பாடு 1975 அக்டோபர் 2-இல் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைக்கு நாளுக்கு 500 கலோரியும் 12 முதல் 15 கிராம் புரதமும் தரும் உணவை அங்கன்வாடி, வீட்டுக்குக் கொண்டுசெல்லும் மாவாகவோ பிறவாகவோ வழங்க வேண்டும் என்று 2013-இன் உணவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டபோது வகுத்தது. நல்ல சட்டம். ஆனால் பொட்டலம் வீட்டை அடைந்தபின் ஐந்து பேருக்குப் பகிரப்படுவதும் உண்டு. மாவு எவ்வளவு சிறந்ததாயினும் அது தானிய, பருப்பு வகைகளைத் தாண்டுவது அரிது. காயும் கனியும் முட்டையும் பொட்டலத்தில் வருவதில்லை.

முட்டையைப் பற்றி அண்மையில் சுவையான ஆராய்ச்சிகள் வெளிவந்தன. எக்வடார் நாட்டில் ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு நாளுக்கு ஒரு முட்டை ஆறு மாதம் கொடுத்தார்கள். உயரக் குறைவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக 2017-இல் வெளியிட்டார்கள். ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டில் அதையே செய்தபோது அத்தகைய பயன் தெரியவில்லை. அங்குக் குழந்தைகள் முன்பே மீன் உண்டு வந்தார்கள் என்பது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. மாமிச வகை எதுவுமே சேராத கிண்ணத்தில் முட்டை பெரிதாகப் பயன்படும்; முன்பே மீன் இருக்கும் கிண்ணத்தில் அவ்வளவு பயன்படாது என்று இதிலிருந்து கொள்ளலாம். நம் குழந்தைகளில் பெரும்பாலோரின் கிண்ணம் முதல் வகையைச் சேர்ந்தது. முட்டை உண்ணாத குடும்பத்தார் பருப்பும் தயிரும் எள்ளும் பழமும் கூட்டிக்கொள்ள வேண்டும். அத்துடன் அங்கன்வாடியிலும் சுகாதார நிலையத்திலும் வாரம் இருமுறைக்கென வழங்கும் இரும்புச் சத்துத் திரவம் ஒரு மில்லியையும் விடாது கொடுக்க வேண்டும். மற்றக் குடும்பத்தாருக்கும் அது உரியதே.

குழந்தைக்குத் தனிக் கிண்ணம் வைப்பது சிறு காரியமாகத் தோன்றும். கூட்டுக் குடும்பத்தில் அண்ணன் தட்டிலிருந்தும் பாட்டி தட்டிலிருந்தும் வாங்கி உண்ணும் குழந்தை எவ்வளவு உண்டது என்பது ஒருவருக்கும் தெரியாது. தனிக் கிண்ணத்தில் மீதி இருப்பது கண்ணுக்குத் தெரியும். வாந்தி பேதியும் காய்ச்சலும் வந்த நாட்களில் பட்டினி போடுவதும் தவறான பழக்கம். நோயின்போது சிறுகச் சிறுக ஊட்டி, தேறியபின் இரண்டு வாரம் நாளுக்கு ஒரு வேளை மிகுதியாகக் கொடுத்தால் இழந்த எடை திரும்பும்.

எடையைப் பார்ப்பது எப்படி என்பதற்குத் தமிழ்நாடே முன்னோடி. உலக வங்கியின் உதவியுடன் 1980-இல் தொடங்கிய தமிழ்நாட்டு ஒருங்கிணைந்த ஊட்டத் திட்டத்தில், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து, எடை ஏறாத குழந்தையை மட்டும் பொறுக்கியெடுத்து, அதற்குச் சில மாதங்கள் சத்துருண்டை கொடுத்தார்கள். இரண்டாம் வயதில் ஓராண்டுக்குள் குழந்தை சுமார் இரண்டரைக் கிலோ கூட வேண்டும். மாதத்துக்கு ஏறத்தாழ 200 கிராம். கண்ணால் பார்த்து இதை அறிய முடியாது, தராசுதான் சொல்லும். தில்லியிலும் ஒவ்வோர் அங்கன்வாடியிலும் தராசும் வளர்ச்சி அட்டையும் இருக்க வேண்டும். இரண்டு மாதம் அட்டையில் கோடு மேலே ஏறாது கிடந்தால், மூன்றாம் மாதத்துக்குக் காத்திராமல் குழந்தையை மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.